கிருஷ்ணகிரி பழைய சைக்கிள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேர்ல வந்திருக்கிற உறுப்பினர்கள், வராம அப்புறமா போன்ல படிச்சுக்கலாம்னு வீட்ல இருக்கிற உறுப்பினர்கள், எல்லாருக்கும் வணக்கம். போன தடவை அறிக்கை ஒரே தாலுகா ஆபீஸ் பாஷையா இருந்துச்சுன்னு பெரியவங்க சில பேர் சொன்னாங்க, அதனால இந்த தடவை பேசற மாதிரியே எழுதிட்டேன். வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாரு, நான் அதுல கை வெக்கல.

இந்த வருஷம் சங்கத்துக்கு வந்த பிரேம்ல பெரும்பாலும் அம்பத்தூர் சரக்குதான், அதாவது 1949-ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியோட ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ. எல்லாம் காயலாங்கடையில எடை போட்டு வாங்குனதுதான், அங்கயும் இப்ப நம்மள பாத்தாலே வெலைய ஏத்திடறாங்க, அதனால ரெண்டு பேரா போகாதீங்க, ஒருத்தரா சும்மா போல்ட்டு வாங்க போற மாதிரி போங்க. ஸ்கூல்ல குடுத்த இலவச சைக்கிளும் இப்ப காயலாங்கடைக்கு வர ஆரம்பிச்சிருக்கு, பிரேம் நமக்கு வேணாம், ஆனா அதுல பெடல், பால்ரஸ், செயின் நல்லா இருந்தா விடாதீங்க. இதுபோக அசன்சோல்ல செஞ்ச சென் ராலே ஒண்ணு பர்கூர்ல இருந்து வந்துச்சு. ஓசூர் உறுப்பினர் அவங்க தாத்தா கேஜிஎஃப் சுரங்கத்துல வேலை பாத்தப்ப வாங்குன நாட்டிங்காம் ராலேவ கொண்டு வந்தாரு, அது பத்தி கீழ சொல்றேன்.

மொதல்ல மனசுல இருக்கறத சொல்லிடறேன். நம்ம சங்கத்துல பிரேம் கைக்கு வந்த ஒடனே எல்லாரும் கேக்கற மொத கேள்வி என்ன கலரு அடிக்கலாம்ங்கறதுதான். இந்த வருஷம் பாதியில நின்ன வேலை எல்லாமே இந்த அவசரத்துனாலதான் நின்னுச்சு. காவேரிப்பட்டணத்து தம்பி ஒருத்தர் ஹெர்குலிஸ் பிரேம தேய்ச்சு, பட்டி பாத்து, பச்சை அடிச்சு, தங்கக் கோடு இழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் ஆன்லைன்ல வரவழைச்சு ஒட்டி, கூட்டத்துல கொண்டுவந்து நிறுத்தி கைத்தட்டல் வாங்குனாரு, சந்தோசம்தான், அப்பறம் வீல் மாட்டுனா பின் வீல் ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு நிக்குது. கோட்டம் வீல்லன்னு நெனச்சு ஸ்போக்ஸ திருப்பித் திருப்பி ரிம்மையும் கெடுத்தாச்சு. கோட்டம் பிரேம்ல.

அதுக்குத்தான் நூல் கட்டிப் பாக்கணும்னு தலையால அடிச்சுக்கறேன். பின் வீல் ஆக்சில் உக்கார்ற காதுல ஒரு பக்கம் நூலக் கட்டி, முன்னாடி ஹேண்டில்பார் இறங்கற ஹெட் பைப்ப சுத்தி, அடுத்த பக்க காதுக்கு கொண்டுவந்து விறைப்பா இழுத்துக் கட்டணும். இப்ப சீட் பைப்புக்கும் நூலுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சு அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இருந்தா பிரேம் நேரா இருக்கு. இந்த ஹெர்குலிஸ்ல எடது பக்கம் 31 மில்லிமீட்டர், வலது பக்கம் 24. கேட்டா அது ஒரு காலத்துல பால் வண்டியாம், கேன் எப்பவும் ஒரே பக்கம் தொங்கியிருக்கு. சூடு காட்டாம, பிரேம பெஞ்சுல படுக்க வெச்சு ரெண்டு பேர் அமுக்கிப் பிடிச்சு நீள பைப்பால கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நூலப் பாத்து பாத்து நேராக்கினோம், ஒரே மதியத்துல முடிஞ்சுது. ஸ்டீல் பிரேமுக்கு மட்டும்தான் இது, அலுமினியத்துக்கு இத பண்ணிடாதீங்க, விட்டுரும்.

அதோட முடியல. இழுக்கறப்ப ஹெட் பைப்புக்கு பின்னாடி கீழ் பைப்போட அடிப்பக்கம் பெயிண்ட்ல மயிர் அளவு கோடு தெரிஞ்சுது, சுரண்டிப் பாத்தா விரிசல். பெயிண்டுக்கு முன்னாடி பாத்திருந்தா ரெண்டு நிமிச வேலை. பழையபேட்டையில கேஸ் வெல்டிங் பண்ற பெரியவர்கிட்ட கொண்டு போனோம். இந்த மாதிரி பிரேம்ல பைப்பெல்லாம் லக்குங்கற மூட்டுக்குள்ள சொருகி பித்தளை வெச்சு பத்த வெச்சதுதான், ஆர்க் வெல்டிங் வெச்சா அந்த இடம் வெறச்சுப் போய் பக்கத்துலயே திரும்ப விட்டுக்கும். அவரு மொதல்ல வெங்காரத்த தூவி பரவலா சூடு காட்டுனாரு, அது பொரிஞ்சு வெள்ளையா எழும்பி, அப்பறம் கண்ணாடி கணக்கா உருகி வழிஞ்சு, பைப்பு செவக்க ஆரம்பிச்சதும் பித்தளைக் கம்பிய லக்கோட ஓரத்துல தொட்டாரு பாருங்க, தொட்ட எடத்துல இருந்து அது தானா மூட்டச் சுத்தி உள்ள ஓடிருச்சு. பித்தளை ஓட 900 டிகிரி பக்கம் சூடு வேணும், அதனால பச்சைப் பெயிண்டு, தங்கக் கோடு, ஸ்டிக்கர் எல்லாம் முன் பக்கம் கருகிப் போச்சு. தம்பி ஒண்ணும் பேசல. இப்ப அந்த வண்டி கருகலோடவே ஓடுது, எனக்கு அதுதான் நம்ம சங்கத்துலயே நல்ல வண்டி.

நாட்டிங்காம் ராலே விசயத்துக்கு வர்றேன். செயின் ஓடற முன் பல் சக்கரத்துல கொக்குத் தலை வெட்டியிருக்கிற ஒரிஜினல், ஆனா பி.பி. கப், அதாவது பெடல் தண்டு ரெண்டையும் சேக்கற அச்சு சுத்தற பாட்டம் பிராக்கெட்டோட கப், ஆடுச்சு. இங்க கடையில கெடைக்கிற கப் எல்லாம் இஞ்சுக்கு 24 மரை, ராலேகாரங்க நாட்டிங்காம்ல அவங்களுக்குன்னு தனியா 26 மரை போட்டாங்க. விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதுனால மொத ரெண்டு சுத்து நல்லா போகும், அப்பறம் இறுகும், இறுகுதேன்னு ரிஞ்சுல பைப் மாட்டி திருப்புனீங்கன்னா உள்ள இருக்கிற மரை மொத்தமா சீவிரும், அப்பறம் தாத்தாவோட வண்டி செவுத்துல மாட்டத்தான் ஆகும். நல்லவேளை நம்ம லேத்து பட்டறை அண்ணன் மொத சுத்துலயே மரை கேஜ் வெச்சுப் பாத்து நிறுத்திட்டாரு. பழைய கப்ப மண்ணெண்ணெய்ல கழுவிப் பாத்தா குழி ஒண்ணும் இல்ல, கால் இஞ்ச் பால்ரஸ் பக்கத்துக்கு 11 புதுசா போட்டு புது கிரீஸ் வெச்சோம், ஆட்டம் நின்னுருச்சு. கழட்டறவங்க இன்னொண்ணும் ஞாபகம் வெச்சுக்கோங்க, செயின் பக்கத்து கப் லெஃப்ட் மரை, கடிகார முள்ளு சுத்தற பக்கம் திருப்புனாத்தான் கழலும், எடது பெடலும் அப்படித்தான்.

பெடல் தண்டான கிராங்க அச்சுல இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின் பத்தி எல்லா வருசமும் சொல்றேன், இந்த வருசமும் சொல்றேன். சுத்தியல எடுத்து நேரா மண்டையில போடாதீங்க. நட்ட முழுசா கழட்டாம மரை முனையோட சமமா விட்டு, கிராங்குக்கு அடியில பின் எறங்கறதுக்கு ஓட்டை இருக்கிற பைப் துண்ட முட்டுக் குடுத்து, அப்பறம் ஒரே அடி. முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி முழுக்க பால்ரஸ் மேலயும் கப் மேலயும்தான் எறங்கும். இல்லன்னா லேத்து அண்ணன் சங்கத்துக்குன்னு செஞ்சு குடுத்த, பின்ன அமுக்கித் தள்ற பிரஸ்ஸ எடுத்துப் போங்க, எடுத்துப் போனா திருப்பிக் குடுங்க, கடைசியில இதப் பத்தி ஒரு விண்ணப்பம் இருக்கு.

துரு எடுக்க ஆக்சாலிக் ஆசிட் பவுடர் மொத்தமா வாங்கி வெச்சிருக்கோம். அது விசம், கையுறை போடுங்க, கொழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு குடுக்க மாட்டேன், ஷெட்லயே ஊற வெச்சுட்டுப் போங்க. எடுத்த ஒடனே ஆப்ப சோடா தண்ணியில கழுவி அன்னிக்கே காய வைக்கணும். பைப்புக்கு உள்பக்கம் ஆளிவிதை எண்ணெய் ஊத்தி பிரேம இப்படி அப்படி சாச்சு வடிய விடுங்க, உள்ளதான் முக்கால்வாசி பிரேம் அரிச்சுப் போகுது.

பவுடர் கோட்டிங்குக்கு ஓசூர்ல ஒரு பட்டறையில குடுத்தோம், பேர் வேணாம். பி.பி. மரையவும் ஹெட் பைப்பையும் டேப் ஒட்டி மூடுங்கன்னு எழுதியே குடுத்தும் மூடல, 200 டிகிரி அடுப்புல வெந்த பவுடர் மரைக்குள்ள கல்லா உக்காந்திருச்சு, லேத்து அண்ணன் மரை வெட்டற கருவிய விட்டு மரைய சுத்தம் பண்ணவே ஒரு நாள் ஓடிப் போச்சு. அதவிட எனக்கு வருத்தம் என்னன்னா பவுடர் தடிமனா ஏறி லக்கோட வெட்டு ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு. ஓரம் தெரியணும்னா ஸ்ப்ரே பெயிண்டு, தெனமும் மழையில நிக்கற வண்டின்னா பவுடர், இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

சண்டைன்னா இந்த வருசம் பெருசா ஒண்ணு நடந்துச்சு, எல்லாருக்கும் தெரியும். பர்கூர் தம்பிங்க பிஎஸ்ஏ பிரேம்ல கியரும், ரேஸ் சைக்கிள்ல வர்ற 700சி அளவு வீலும் போடணும்னாங்க, பெரியவங்க அது பாவம்னாங்க. பாவ புண்ணியத்த விடுங்க, அளவப் பாப்போம். நம்ம 28 இஞ்ச் ரிம்மு டயர் உக்கார்ற எடத்துல 635 மில்லிமீட்டர், 700சி 622, அதனால ரிம்மு ஒவ்வொரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் உள்ள தள்ளிப் போகும். கம்பி பிரேக்குல கட்டை ரிம்மோட உள்பக்கம் பிடிக்கிறது, 700சி ரிம்முல அதுக்கு பிடிக்க எடமே கெடையாது, பிரேக்க முழுசா மாத்தித்தான் ஆகணும். பின்னாடி காது அகலம் 110 பக்கம் இருக்கு, கியர் ஹப் 130 கேக்கும், 20 மில்லிமீட்டர் விரிச்சா பழைய பத்தவைப்பு தாங்குமான்னு நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். கியர் வேணும்னா 1936-லயே வந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ மாடல் 3 ஸ்பீடு ஹப் இருக்கு, இங்கிலாந்துல இதே மாதிரி பிரேம்ல அத மாட்டித்தான் வித்தாங்க, 40 ஓட்டையிலயும் வந்துச்சு, நம்ம பின் ரிம்முக்கு அப்படியே பொருந்தும். கடைசியா செயற்குழு முடிவு என்னன்னா, திருப்பிக் கழட்டி பழையபடி ஆக்க முடியற எந்த மாத்தமும் பண்ணிக்கலாம், அறுக்கறது, ராவறது, விரிக்கறது மட்டும் சங்க ஷெட்ல கூடாது.

ஜூன் 3 உலக சைக்கிள் தினத்துக்கு ரவுண்டானால இருந்து கேஆர்பி டேம் வரைக்கும் போனோம். 2020-ல இதே தேதியிலதான் அட்லஸ் கம்பெனி சாஹிபாபாத் பேக்டரிய மூடுச்சு, அத ஒருத்தர் ஞாபகப்படுத்த, டேம்ல டீ குடிக்கறப்ப பேச்சு அப்படியே பஞ்சாயத்துல சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்குனது, லைட் இல்லாம டபுள்ஸ் போய் போலீஸ்ல மாட்டுனதுன்னு போயிருச்சு, திரும்பி வர வெயில் ஏறிப் போச்சு. ஆசிரியை அக்கா அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டாங்க, சங்கத்துல லேடீஸ் பிரேம் ஒண்ணு கூட ஏன் இல்லன்னு. 1991-ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்துல அத்தன பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க, நெறைய பேரு ஜென்ட்ஸ் வண்டியிலயேதான் கத்துக்கிட்டாங்க, நாங்க மட்டும் இங்க வேடிக்கை பாக்கணுமான்னாங்க. பதில் சொல்ல முடியல. வர்ற வருசம் மொத வேலை லேடீஸ் பிரேம் ஒண்ணு தேடிப் பிடிக்கறது, ராயக்கோட்டை, காரிமங்கலம் பக்கம் இருக்கறவங்க கண்ண வெச்சுக்கோங்க.

மத்தபடி சந்தா பாக்கி இருக்கறவங்க பேர நான் இங்க வாசிக்கல, அவங்களுக்கே தெரியும். புது செயற்குழுவுக்கு பேர் குடுக்கறவங்க டீ இடைவேளைக்குள்ள தலைவர்கிட்ட குடுத்துருங்க, செயலாளர் பதவிக்கு யாராவது வந்தா நான் சந்தோசமா எறங்கிக்கறேன், போன வருசமும் இதத்தான் சொன்னேன். காட்டர் பின் பிரஸ்ஸும் பி.பி. ஸ்பானரும் யார் வீட்ல இருக்குன்னு கேக்க மாட்டேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷெட் வாசல்ல வெச்சுட்டுப் போயிருங்க. இந்த அறிக்கைய சபை ஏத்துக்கிட்டு தீர்மானம் போட்டுத் தரணும்னு கேட்டுக்கறேன்.