செல்விக்கு, வலிப்பு மாத்திரை பற்றி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சாப்பாடு சரியில்லை என்று தினமும் போன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கர்ப்பிணி என்றாலே எல்லா மாத்திரைக்கும் நரம்பு டாக்டர்களான எங்களிடம் பிரசவ டாக்டர்கள் நீங்கள் ஏன் சீட்டு எழுதி அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். பயம்தான் காரணம். குழந்தைக்கு ஒரு குறை என்றால் எழுதிக்கொடுத்த மாத்திரையின் மேல்தான் பழி விழும். எழுதாமல் விட்டதை யாரும் கேட்பதில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து இந்தக் கணக்கு டாக்டர்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. திருநெல்வேலி ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, கர்ப்பத்தில் எது எவ்வளவு ஆபத்து என்று பார்த்து ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று மருந்துகளைப் பிரித்து மனப்பாடம் செய்தோமே, அந்த எழுத்துகளை அமெரிக்காவில் 2015-இலிருந்தே கைவிட்டு வருகிறார்கள். இங்கே மீட்டிங்கில் இன்றும் 'அது சி கேட்டகரி' என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அப்புறம் அந்தக் கர்ப்பிணி ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க நடுராத்திரியில் வந்து நிற்கிறாள்.

இந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நாம் வாந்திக்குக் கைகூசாமல் எழுதும் டாக்சிலமின், பைரிடாக்சின் கூட்டு மாத்திரை அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் விற்றது. வழக்குகள் குவிந்ததால் 1983-இல் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. அதைக் குற்றம் சாட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைடு. கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த தாலிடோமைடு மாத்திரை பற்றி 1961-இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி உலகத்தை எழுப்பிய அதே மனிதர். பிற்காலத்தில் முயல்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையின் கணக்கைப் பொய்யாக மாற்றி வெளியிட்டதாக நிரூபணமாகி, 1993-இல் மருத்துவப் பதிவையே இழந்தார். அந்த மாத்திரையால் குழந்தைகளுக்குக் கெடுதல் இல்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்ன பிறகும், அது அமெரிக்கச் சந்தைக்குத் திரும்ப 2013 ஆயிற்று. இடைப்பட்ட முப்பது வருடம் அங்கே எத்தனை பெண்கள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்திருப்பார்கள்! இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

இப்போது நான் உன்னிடம் கேட்க வேண்டியது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை, ஒன்பதாவது வாரத்தில் வந்தாள். 'வேலை செய்யும்போது மயங்கி விழுந்துட்டா' என்றார் மாமியார். சோகை என்று நினைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் வலது ஓரத்தில் பல் பதிந்த காயம், இன்னும் ஆறவில்லை. மாமியாரைச் சீட்டுப் போட அனுப்பிவிட்டுக் கேட்டேன். பதினாலு வயதிலிருந்து வலிப்பு. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் பேப்பரில் மடித்து வைத்து, விளக்கணைத்த பிறகு போட்டுக்கொள்வாளாம். கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு தெரிந்ததும் பிள்ளைக்கு ஆகாது என்று தானாகவே நிறுத்தியிருக்கிறாள். நிறுத்தியதும் வலிப்பு வந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ், செல்வி. விழுந்த இடம் வேறாக இருந்திருந்தால்?

மறுநாள் அவள் அம்மா கொண்டுவந்த பழைய சீட்டைப் பார்த்தேன். சோடியம் வால்ப்ரோயேட். பள்ளிக்கூட நாளில் எழுதியது. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வருஷக்கணக்காக வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பற்றி எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வால்ப்ரோயேட் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணமாக நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருக்கும் பிறவிக்குறை இதில் பத்தை ஒட்டி வருகிறது, முப்பது நாற்பது பேருக்கு வளர்ச்சியிலோ படிப்பிலோ பின்தங்கல். நான் சொல்ல வருவது நேரக்கணக்கு. கரு உண்டாகி 28 நாளில், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும் அப்போது. எங்கள் ஊரில் பாதிப் பேர் கார்டு வாங்குவதே அதற்கப்புறம்தான். கிராம செவிலியர் பதிவு போட்டு, அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காரும்போது, தடுக்க வேண்டிய நேரம் கைவிட்டுப் போயிருக்கிறது. நான் போலிக் ஆசிட் எழுதலாம், ஸ்கேன் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அதனால் இந்த வேலை உன் ஓ.பி.யில்தான் நடக்க வேண்டும். பதினாலு வயதுப் பெண்ணுக்கு முதல் சீட்டு எழுதும் அன்றே, இவள் ஒரு நாள் தாயாவாள் என்று நினைத்து எழுது. பிள்ளைக்கு இதைவிடக் கெடுதல் குறைந்த வலிப்பு மாத்திரைகளான லெவெடிராசெட்டமோ லேமோட்ரிஜினோ போதுமென்றால் அதிலேயே தொடங்கு. பிரிட்டனில் 2018-இலேயே கர்ப்பத்தடுப்பு ஏற்பாடு இல்லாமல் பெண்களுக்கு வால்ப்ரோயேட் தரக்கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் 1998-இலிருந்து வலிப்புள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிள்ளைகள் வரை பின்தொடர்கிறார்கள். நம் பக்கத்துப் பெண்களையும் அங்கே அனுப்ப வழியுண்டா என்று விசாரி. அம்மாக்களிடமும் பேசு. வரன் பார்க்கும் முன் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள் என்று சொல். வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாது என்று சொல்ல இடம் கொடுத்த வார்த்தையை 1999-இலேயே திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தாலே பவுடர் டப்பாவில் மறைப்பது குறையும்.

அந்தப் பெண்ணுக்கு உங்கள் துறைக்காரர் ஒருவர் லெவெடிராசெட்டமுக்கு மாற்றிக் கொடுத்தார். அதன்பின் வலிப்பு இல்லை. இருபதாவது வார ஸ்கேனில் முதுகெலும்பு, உதடு, இதயம் எல்லாம் சரியாகத் தெரிந்தது. புருஷனிடம் அவளே சொல்லிவிட்டாள். முதலில் கோபப்பட்டவன், இப்போது மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறான். குழந்தை பேசி, பள்ளிக்கூடம் போகும் வரை என்னால் முழுசாக நிம்மதிப்பட முடியாது. அதை அவளிடமும் மறைக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். லேமோட்ரிஜினில் இருக்கும் வேறொரு பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். கர்ப்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு இறங்கும் என்பதால் டோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். பிரசவமானதும் உடனே குறைக்கவும் வேண்டும். இங்கே அளவு பார்க்க வசதியில்லை. மதுரையில் எந்த லேபில் பார்க்கிறார்கள், சாம்பிளை எப்படி அனுப்புவது என்று அடுத்த கடிதம் வரை காத்திருக்காமல் போனிலேயே சொல்லிவிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாக்கியம்
கோவில்பட்டி