மனு எழுதிக் கொடுத்த அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து தோள் கொடுத்த அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நாம் மனுக் கொடுத்து எதிர்த்த உத்தரவு ரத்தான செய்தி உங்களுக்கே தெரியும். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை, எல்லாரும் சேர்ந்துதானே பட்டோம். சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு மூத்த அம்மா இருக்கிறார். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆலயத்துக்குள் அரசியல் வரவே கூடாது என்பவர். அரசனுக்குரியதை அரசனுக்குக் கொடுங்கள் என்று இயேசு சொன்ன "இராயனுடையதை இராயனுக்கு" வசனத்தைச் சொல்லி எங்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். அவர் ஓட்டுப் போடும் கட்சி வேறு, எங்களில் பாதிப் பேருடைய கட்சி வேறு.

மனு எழுதும் நாளில் அவரே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுதத் தெரியாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "என்ன கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு எழுதினார். முழுதாக வாசித்துக் காட்டி, "இது நீங்க சொன்னதுதானே?" என்று உறுதி செய்த பிறகே மைப்பெட்டியை நகர்த்தினார். ஒரு பாட்டி, "அந்தப் 'பணிவோடு'ங்கிறத எடுத்துடும்மா, நான் பணிவா கேக்கல" என்றார். அம்மா சிரிக்காமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, முதலிலிருந்து எழுதினார். கார்பன் தாள் வைத்து எழுதியதால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகல் இருந்தது. விசாரணையில் குறுக்குக் கேள்வி கேட்டபோது யாரும் தடுமாறவில்லை. மனுவில் இருந்தது அவரவர் பேச்சு.

லூக்கா 18-இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவை வருகிறாள். சோர்ந்துபோகாமல் ஜெபிக்கச் சொன்ன உவமைதான், ஆனால் அவள் போய் நின்றது நியாயாதிபதியின் முன்னால் அல்லவா? அடிமை வியாபாரத்தை நிறுத்தக் கேட்டு 1792-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் போயின. அந்த இயக்கத்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் போன்ற விசுவாசிகளும் முன்னால் நின்றார்கள். வியாபாரத்துக்குத் தடை வந்தது 1807-இல், பிரிட்டிஷ் குடியேற்றங்களின் அடிமைகளை விடுவிக்கும் சட்டம் 1833-இல். அடிமைகளை வைத்திருந்தவர்களும் அதே வேதத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வசனம் தெரிந்திருப்பது மட்டும் போதாது போலிருக்கிறது. சொல்ல வந்தவரைச் சொல்ல விட்டுக் கேட்கவும் வேண்டும், அந்த அம்மா கேட்டது மாதிரி.

வழக்கறிஞர்களுக்கும், ஆலயக் கதவை ராத்திரியிலும் திறந்து வைத்த போதகருக்கும், சமைத்துப் போட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும், ஜெபித்தவர்களுக்கும், எங்கள் விசுவாசம் இல்லாமலே எங்களோடு வந்து நின்ற தோழர்களுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் உரிமையோடு திட்டுங்கள்.

அடுத்த தேர்தலில் யார் ஜெயித்தாலும் அவர்களிடமும் மனுவோடு போவோம். நாங்கள் ஓட்டுப் போட்ட ஆள் என்பதற்காக ஒரு மனுவைக்கூட மடித்து வைக்க மாட்டோம். இதைச் சொன்னபோது அந்த அம்மா, "என் கட்சி ஜெயிச்சாலும் நான்தான் எழுதுவேன், கார்பன் தாள் தீர்ந்துபோச்சு, வாங்கி வையுங்க" என்றார். வாங்கி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
சபையின் சமூகப் பணிக் குழு சார்பில்