ஸ்டீயரிங் ஆட்டம்: வீட்டிலேயே கழற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலைவாசி இருக்கும் இருப்பில் கார் வேலைகளை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், பல்பு, வைப்பர் என்று அவர் சொன்ன எதற்கும் எனக்கு மறுப்பில்லை, நானும் அதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து செய்கிறவன்தான். ஆனால் போகிற போக்கில் ஸ்டீயரிங் ஆட்டத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, ரெண்டு நட்டைக் கழற்றி மாட்டினால் தீர்ந்தது என்று முடித்திருந்தாரே, அங்கேதான் இடிக்கிறது.

பேட்டரியைச் சரியாக மாட்டாவிட்டால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ஸ்டீயரிங்கில் ஒரு நட்டைச் சரியாக முறுக்காவிட்டாலும் வண்டி நன்றாகவே கிளம்பும், தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஊரைத் தாண்டி பெகு ஊருக்குப் போகும் ரோட்டில் வேகமெடுத்த பிறகுதான் அது வேலையைக் காட்டும்.

அதுவும் நம் மியான்மரில். 1970-ல் போக்குவரத்தைச் சாலையின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள், ஆனால் 2011-க்குப் பிறகு ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக வந்து குவிந்த ப்ரோபாக்ஸ், ஃபிட், விஷ் எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்கும் வலப்பக்கத்திலேயே இருக்கிறது. முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது, பாதி வண்டியை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, பஸ் வந்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறோம். அந்த ஓர் இழுப்பில் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டாக வேண்டும், கொஞ்சம் ஆட்டம்தானே என்று ஓட்டுகிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

சரி, அப்படியானால் எதையும் தொடக்கூடாதா என்றால், இல்லை. கோளாறு எங்கே என்று பார்ப்பது நம் வேலை, அதை வேறு யாரிடமும் விடவே கூடாது என்பேன். இன்ஜினை ஓடவிட்டு, சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீயரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். டயர் அசையத் தொடங்குமுன் வளையத்தின் விளிம்பு சும்மா நகரும் தூரம் டொயோட்டா வண்டிகளில் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பெரும்பாலும் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் பக்கம் தேய்மானம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் சக்கரத்தின் பேரிங்கையோ, அதைத் தாங்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டையோ பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்றால் முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தில் மட்டும் உதறினால் அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாத கோளாறு, ஸ்டீயரிங்கின் குற்றமே இல்லை. இதற்கெல்லாம் காசு செலவில்லை. இதைப் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவரிடம் 'ராக்கையே மாத்தணும்' என்று, அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தை டை ராடுக்குக் கொண்டுபோகும் பல்சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று, சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

பக்கத்து வீட்டுத் தம்பியின் ப்ரோபாக்ஸில் போன மழைக்காலம் முடிந்ததும் இப்படித்தான் பார்த்தோம். இடப்பக்க டை ராட் எண்டின், அதாவது அந்தக் கம்பியின் வெளிமுனை மூட்டின், ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சேறு காய்ந்து கிடந்தது, கையால் அழுத்தினாலே மூட்டு அசைந்தது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர் நின்ற குழிகளில் விழுந்து எழுந்த வண்டி வேறெப்படி இருக்கும்? ரப்பர் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் அந்த மூட்டு இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும்.

அந்த வெளி எண்டை மட்டும், இதற்கு முன் பிரேக் வேலையெல்லாம் பழகிய கை, வீட்டில் மாற்றலாம் என்பது என் கட்சி. ஏனென்றால் அது வெளியே இருக்கிறது, மாட்டிய பிறகு இன்னொருவர் வந்து பார்த்து உறுதி சொல்ல முடியும். பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே அளவு ஏற்ற வேண்டும். நட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். நட்டு கழலாமல் தடுக்கும் பின் ஊசியைப் போடும் ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும், தளர்த்திக் கொண்டுவருவது ஆபத்து. அந்தப் பின் ஊசி கண்டிப்பாகப் புதிது. பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற ஆளிடம் என் சைக்கிளைக்கூட விடமாட்டேன். இத்தனையும் செய்தாலும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று, பார்க்காமல் விட்டால், நீங்கள் மிச்சம் பிடித்த கூலியை டயர் தின்றுவிடும்.

ராக், ஸ்டீயரிங் வளையத்தைத் தாங்கும் தண்டு (ஸ்டீயரிங் காலம்) பக்கம் போகவே வேண்டாம். அந்தத் தண்டின் தலையில் ஏர்பேக் இருக்கிறது. அதன் அடியில் சுருளாக ஒரு ஒயர் போகிறது, கீழே இணைப்பைக் கழற்றிவிட்டு யாராவது வளையத்தைத் தாராளமாகச் சுற்றினால் அந்தச் சுருள் அறுந்துபோகும், பிறகு ஏர்பேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஃபிட் மாதிரி கரண்ட்டில் ஓடும் பவர் ஸ்டீயரிங் என்றால் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டிய வேலையும் வரும்.

இன்னொன்று, பழைய சாமான் கடைகளில் ஜப்பான் ஒரிஜினல் என்று சொல்லி எண்டும் பால் ஜாயிண்டும் தருகிறார்கள். கதவு, கண்ணாடி, பம்பரைப் பழசாக வாங்குங்கள், தேய்வதற்கென்றே இருக்கும் மூட்டைப் பழசாக வாங்கி என்ன லாபம்?

அந்த வாசகர் தன் வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றினார், பின் ஊசி புதிதா, அதன் பிறகு அலைன்மெண்ட் பார்த்தாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்வே, யாங்கூன்