'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று இனி எழுதாதீர்கள்

கொழும்பிலிருந்து நாடெங்கும் பொருள் விற்கும் நிறுவனங்களின் தொடர்பாடல் பிரிவினருக்கு,

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். சமையல் காஸும் விற்கிறேன். 2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல இடங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்தபோது, அந்த வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தன. கண்ணாடி சிதறிய அடுப்பு, கரி படிந்த குசினிச் சுவர். ஒரு நாள் காலையில் நான் கடை திறக்கும் முன்னமே பக்கத்து வீட்டு மாமி சிலிண்டரைக் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார்.

"தம்பி, இத வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு எப்படிப் படுக்கிற?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. விநியோகம் செய்பவருக்கு அழைத்தேன். அவரும் முகநூலில் பார்த்ததைத்தான் சொன்னார். என் கைக்கு வந்த முதல் அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. ஹோஸையும் ரெகுலேட்டரையும் சரிபார்க்கச் சொன்னது. அதை விளங்கப்படுத்தியதும் மாமி கேட்டார்: "அப்ப பிழை எங்கட பக்கமா?" பிறகு விசாரணைக் குழு, சிலிண்டருக்குள் இருந்த ப்ரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதையே பிரதான காரணமாகச் சொன்னது. அதன்பின் வந்த எந்தப் பாதுகாப்புக் குறிப்பையும் மாமி நம்பவில்லை. விறகுக்கு மாறிவிட்டார்.

உங்கள் பதிவுகளுக்குக் கீழே மக்கள் எழுதுவதை நான் விடாமல் வாசிக்கிறேன். விபத்தால் வந்த கோபத்தைவிட, கொமென்டை அழித்ததால் வந்த கோபம்தான் அங்கே பெரிதாகத் தெரிகிறது. சொற்களையும் மக்கள் கவனிக்கிறார்கள். 2017 ஏப்ரலில் யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணி இழுத்து வெளியேற்றப்பட்டபோது, பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்காகத்தான் அதன் தலைவர் முதலில் வருந்தினார். இரத்தம் வழிந்த முகத்தை உலகமே பார்த்திருந்தது. ஓரிரு நாளில் அவரே திரும்பவும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உங்கள் 'அசௌகரியமும்' எங்கள் காதில் அப்படித்தான் விழுகிறது. குசினியில் நெருப்புப் பிடிப்பது அசௌகரியம் அல்ல.

தாமதம் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் கண்டிருக்கிறோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து முஸ்லிம் ஒருவரின் உணவகச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்த ஆண்டின் வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

ஆகவே அடுத்த தடவை முதல் மணித்தியாலத்திலேயே பேசுங்கள். "காரணம் இன்னும் தெரியாது. தெரியும்வரை பாவிக்க வேண்டாம், வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்" என்றாவது சொல்லுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடும் அதே நேரத்தில், மாமிக்கு விளங்கும் தமிழிலும் வெளியிடுங்கள். கேள்விகளை அழிக்காதீர்கள். பதிவு போடும் முன் சில்லறைக் கடைக்காரரான எங்களுக்கு ஓர் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். விடியற்காலையில் மாமி வந்து நிற்பது எங்கள் வாசலில்தான்.

இப்படிக்கு,
கல்லடிக் கடைக்காரன் ஒருவன்