யோசபாத்தின் கப்பல்களும் நம் வீட்டுச் சம்பந்தங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற' என்று ஆரம்பிக்கும், அடுத்த வரியிலேயே சாதி, நிறம், சொந்த வீடு, அரசு வேலை எல்லாம் வந்துவிடும். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" (2 கொரிந்தியர் 6:14) என்பதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம், பிள்ளை வேறு மதத்தில் ஒருவரை விரும்பினால் உடனே அந்த வசனத்தை எடுக்கிறோம், ஆனால் அதே சபையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிற வேறு சாதிப் பையன் கேட்டு வந்தால் வசனம் எதுவும் இல்லாமலேயே முடியாது என்கிறோம். இதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டு வியாபாரத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே 'அவரும் விசுவாசி' என்ற ஒரு வார்த்தை போதும், கணக்கு கேட்க மாட்டோம், பத்திரம் போட மாட்டோம். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஒரே சபை, சேர்ந்து கடை போட்டார்கள், திறப்பு விழாவில் ஜெபம் பலமாக நடந்தது, அப்புறம் ஒருவர் கடையின் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவர் நகையை விற்று அடைத்தார். 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு பங்குதாரர் நிறுவனத்துக்காக வாங்கும் கடனுக்கு எல்லாப் பங்குதாரர்களும் பொறுப்பு, சொந்தச் சொத்து வரைக்கும் கை வைக்கலாம். சபை உறுப்பினர் என்றால் விதிவிலக்கு ஒன்றும் கிடையாது.

வேதாகமத்தில் யூதாவின் ராஜா யோசபாத் சம்பந்தம், கூட்டு வியாபாரம் இந்த இரண்டையும் செய்தவர். நல்லவர், பக்தியுள்ளவர். தன் மகன் யோராமுக்கு, பக்கத்து ராஜ்யமான இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் மகளைக் கட்டி வைத்தார். பிறகு ஆகாபின் மகன் அகசியாவோடு கூட்டு சேர்ந்து தர்ஷீசுக்குப் போக எசியோன்கேபேரில் கப்பல் கட்டினார், கப்பல்கள் உடைந்து போயின (2 நாளாகமம் 20). மருமகளாக வந்த அத்தாலியாளோ பின்னாளில் ராஜவம்சத்தையே அழிக்கப் பார்த்தாள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால் ஆகாப் குடும்பம் வெளியூர்க்காரர்கள் இல்லை, இஸ்ரவேலின் அரச வீடு, அதாவது நம் பாஷையில் 'நம்ம ஆட்கள்'. நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பறித்த வீடு அது என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

அதே வேதத்தில் வேற்று ஜனமான மோவாபியப் பெண் ரூத், மாமியாரைக் கைவிடாமல் "உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று சொல்லி வந்தவள், தாவீதின் பாட்டன் ஓபேத்தைப் பெற்றாள். தேவாலயத்துக்குக் கேதுரு மரம் வேண்டுமென்றபோது சாலொமோன், இஸ்ரவேலர் அல்லாத தீருவின் ராஜா ஈராமோடு உடன்படிக்கை செய்தார், மரத்துக்குக் கூலியாகக் கோதுமையும் எண்ணெயும் என்று தெளிவாகப் பேசி. ஆக, வேறு மதத்தவரோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் வாசிக்கட்டும். ஏற்கெனவே நம்பிக்கை இல்லாத துணையோடு வாழ்கிறவர்களைப் பிரிந்து போகச் சொல்லவில்லை பவுல், அதுவும் 1 கொரிந்தியர் 7-ல் இருக்கிறது.

வாழ்நாள் முழுவதும் கூட வரப்போகிறவர் ஒரே நம்பிக்கையில் இருக்க வேண்டும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஜெபிக்கவும் பிள்ளை வளர்க்கவும் அது தேவைதான். ஆனால் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்ததோடு விசாரணை முடிந்துவிடுமா? பையன் வேலை பார்க்கும் இடத்தில் லஞ்சம் வாங்குகிறானா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான், வாங்கிய கடனைத் திருப்புகிறானா என்று கேட்க வேண்டாமா? பெண் பார்க்கப் போய், காபி குடித்து, சங்கீதம் வாசித்து, கண்ணை மூடி ஜெபித்து, 'ஆமென்' சொன்ன கையோடு "எத்தனை பவுன் போடுவீங்க?" என்று ஆரம்பிக்கிறார்கள். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கும்போது தடை இருந்தால் சொல்லச் சொல்கிறார்கள், வரதட்சணையைத் தடையாகச் சொல்லி எழுந்து நின்ற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 1961-லேயே சட்டம் வந்துவிட்டது.

சபைகளுக்குச் சொல்லிப் பார்த்தாயிற்று. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: 'சாதி தடையில்லை, வரதட்சணை வேண்டாம்' என்று போடுகிற வரன் விளம்பரங்களுக்குக் கட்டணத்தைப் பாதியாகக் குறையுங்கள். முதல் மாதம் உங்களுக்குப் பெரிய நஷ்டம் வராது, அவ்வளவு பேர் போட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்,
பாளையங்கோட்டை