பெரியவனுக்கு, சிலிண்டர்க்காரர் விஷயமாக

விருதம்பட்டு,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெரியவனுக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமா? போனில் கேட்டால் மருமகள், "நல்லா இருக்கோம் மாமா, அவரு மீட்டிங்ல இருக்காரு" என்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்கும் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங். சரி, கடிதமென்றால் மீட்டிங் முடிந்த பிறகு பிரித்துப் படிக்கலாமே என்று எழுதுகிறேன். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம் என்று போனேன். அதை செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். முப்பத்தாறு வருஷம் தபால்காரனாக அதைப் பையில் சுமந்தவனுக்கு, போனபிறகுதான் தெரிகிறது.

ஆவணியில் நான் வந்திருந்தபோது நடந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உன் மேல் தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன கணக்கு சரி. சிலிண்டர் விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற கூலியும் அடக்கம். நாமே குடோனுக்குப் போய் எடுத்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். ஆகவே அந்த ஆள் ஐம்பது ரூபாய் கேட்டது தப்பு, நீ மாட்டேன் என்றது சரி. ஆனால் "கம்ப்ளெய்ன்ட் பண்ணட்டுமா" என்று போனை எடுத்துக் காட்டினாயே, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே கேஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்பு அதைவிடக் கூட. மொத்தம் முப்பது கிலோ. லிப்ட் ரிப்பேர், மூன்று மாடி. தோளில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார், அதுவும் நனைந்து போயிருந்தது. இறக்கி வைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, வாஷர் இருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார் பார், அதற்கு யாரும் அவருக்குத் தனியாகக் காசு தரவில்லை.

"இன்னா சார், முப்பதாவது குடுங்க" என்றார். பெங்களூரில் அந்த "இன்னா"வைக் கேட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை. படியில் இறங்கிப் போய்க் கேட்டேன். வாணியம்பாடி பக்கமாம். நாற்பது ரூபாய் கொடுத்தேன். நீ மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "என் வீட்டு வாசல்ல என்னை அசிங்கப்படுத்திட்டீங்க" என்றாய். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை லால்பாக் ரயிலில் நான் கிளம்பி வந்துவிட்டேன். அதன்பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

ரயிலில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நீ கஞ்சன் கிடையாது. முதல் சம்பளத்தில் தெருக்கூட்டுகிற அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவன் நீ. இதே வாசலில் வாட்டர் கேன் போடுகிற பையனுக்கு, கேன் இருபது லிட்டர் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு ரூபாய் என்று இருபது ரூபாயைக் கையில் அழுத்தியவன். அப்படிப்பட்ட பிள்ளை பர்ஸைத் திறந்து பார்த்து, மூடி, பிறகு சட்டம் பேசினான் என்றால்... நான் ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப் பை ஆணியில் மாட்டின இடத்திலேயே இருந்ததையும் கேட்கவில்லை.

வேலைக்கு வந்த அம்மாவை ஆடியோடு நிறுத்திவிட்டதாக மருமகள் சொன்னாள். நம் வேலையை நாமே செய்துகொள்வது நல்லதுதான். ஆனால் நிறுத்தும்போது ஏதாவது கொடுத்தீர்களா? போனஸ் சட்டத்தில் குறைந்தது 8.33 சதவீதம் என்று போட்டிருந்தானே, அது வேறொன்றுமில்லை, 100-ஐ 12-ஆல் வகுத்தது. பன்னிரண்டு மாதம் வேலை செய்தால் பதிமூன்றாவது மாதச் சம்பளம். 1965-இல் வந்த சட்டம். பாத்திரம் தேய்க்கிறவர்களை அது சேர்க்கவில்லை, ஆனாலும் நம் பக்கத்து வீடுகளில் தீபாவளிக்கு அதே கணக்குத்தான். அதை இனாம் என்று சொல்லவே கூடாது, அது பாக்கி. முழுசாக முடியாவிட்டால் பாதி கொடு. பழைய புடவையைக் கொடுத்து அதில் கழிக்காதே.

மற்றவர்களுக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தங்கள் கூலியைத் தாங்களே சொல்கிறவர்கள். பேசின காசைப் பேரம் பேசாமல் கொடுத்தாலே மரியாதை. கம்பெனியிலிருந்து ஏசி பார்க்க வருகிற பையனுக்கு முதலில் தண்ணீர், அப்புறம் டீ. வெயிலில் வெளியே தொங்கிக்கொண்டு வேலை செய்தால் ஐம்பதோ நூறோ. பீரோ, பிரிட்ஜ் தூக்குகிறவர்களுக்குக் கட்டாயம், அதுவும் ஆளாளுக்குத் தனித்தனியாக. மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால் கடைசி ஆளுக்குப் போய்ச் சேராது. குப்பை வண்டிக்காரர்களுக்குப் பொங்கலுக்கு. எல்லாம் வேலை முடிந்த பிறகு, கைக்குக் கை. கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு "எடுத்துக்கோ" என்று சொல்லக் கூடாது. வீட்டில் பத்து ரூபாய், இருபது ரூபாய் சில்லறை வைத்துக்கொள்.

இந்தச் சில்லறை விஷயம் சாதாரணமில்லை. முன்பெல்லாம் பில் எட்டு நூற்றுச் சொச்சம் வரும், தொள்ளாயிரமாகக் கொடுத்துவிட்டு "மீதி இருக்கட்டும்" என்போம். கேட்கவும் வேண்டாம், கொடுத்ததாகவும் தெரியாது. இப்போது புக் பண்ணும்போதே போனில் பைசா சுத்தமாகக் கட்டிவிடுகிறீர்கள், நான்கு நம்பரைச் சொன்னால் முடிந்தது. அந்த மீதி எங்கேயும் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் அந்த ஆள் வாய்விட்டுக் கேட்க வேண்டி வந்தது. கேட்கிறவனைத்தான் நமக்குப் பிடிக்காது. சில்லறை வைத்துக்கொள்.

சின்னவளிடம் போனில் கேட்டேன். அமெரிக்காவில் ஓட்டலில் சாப்பிட்டால் பில்லுக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து, இருபது வைத்தே ஆக வேண்டுமாம், ஆனால் தபால்காரருக்குக் காசாகக் கொடுக்கவே கூடாதாம். ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேற்படாத பொருள் ஏதாவது கொடுக்கலாம், அதுவும் ஒருவரிடமிருந்து வருஷத்துக்கு 50 டாலரைத் தாண்டக் கூடாதாம். சிரிப்பு வந்துவிட்டது. நமக்கும் விதி உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் பதிமூன்றாவது, பரிசு வாங்குவது பற்றி. சாதாரணமாக ஒருவேளை சாப்பிடுவதும் வண்டியில் ஏறிக்கொள்வதும் பரிசில் சேராது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வருஷா வருஷம் தீபாவளிக்கு வீடு வீடாகப் போய் நின்றேன்.

நீ ஏழாவது படிக்கும்போது வக்கீல் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், அவர் மகனோடு விளையாடிக்கொண்டிருந்தவன் வேப்பமரத்துக்குப் பின்னால் போனதும் எனக்குத் தெரியும். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அரை மணி நேரம் நின்றேன், பத்து ரூபாய் வந்தது, ஜன்னல் கம்பி வழியாக. அந்தத் தீபாவளிக்கு நீ பட்டாசு வெடிக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது. உன் அம்மாவுக்கும் தெரியாது. சிலிண்டர்க்காரர் பின்னால் நான் ஓடினதற்கு ஏதோ நான் பெரிய தர்மவான் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது வேண்டாம்.

முதியோர் பென்ஷன் 200 ரூபாயாக இருந்த காலம். மணியார்டரில் வரும், நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் தபால் கொடுக்கிற பீட்டில் முப்பது பேர். ஒரு சந்தின் கடைசியில் ஓலை வீட்டில் ஒரு கிழவி. பென்ஷன் வருகிற வாரம் முழுக்கக் காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்துவிடும். கட்டை விரலில் மை தடவி ரேகை வைக்க வேண்டும், அதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். டீக்கடைக்காரர் வந்து போடுவார். முதல் மாசம் அந்தக் கிழவியே ஐந்து ரூபாயை எடுத்து, "வெயில்ல வர்றியே, சோடா குடி சாமி" என்று கொடுத்தது. அது மனசாரக் கொடுத்தது. அதை வாங்கினதில் பாவமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டாவது மாசம் பணத்தைக் கொடுத்துவிட்டு நான் பையை மூடவில்லை. மூடாமல் நின்றேன். அதற்குப் புரிந்தது, கொடுத்தது. மூன்றாவது மாசத்திலிருந்து 195-ஆக எண்ணித்தான் கொடுத்தேன். பிறகு முப்பது பேரிடமும் அப்படித்தான். டீக்கடைக்காரர் ஒவ்வொரு மாசமும் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கு டீ போடும்போது மட்டும் கிளாஸைக் கையில் தராமல் பெஞ்சில் வைப்பார்.

முப்பது ஐந்து நூற்றைம்பது. உன் பிளஸ் டூ கணக்கு டியூஷன் மாசம் நூற்றைம்பது. ஓவர்டைம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு மாசம் அந்தக் கிழவி, "இந்த வாட்டி முழுசா குடு சாமி, கால் வீங்கிக் கெடக்குது, மாத்திரை வாங்கணும்" என்றது. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். என்ன அவசரம் இருந்தது எனக்கு? ஐந்து ரூபாய். அடுத்த மாசம் போனபோது திண்ணையில் யாரும் இல்லை. பெறுநர் இறந்துவிட்டார் என்று பாரத்தில் நான்தான் எழுதித் திருப்பி அனுப்பினேன். அதோடு எல்லாரிடமும் பிடிப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினதை யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவும் இல்லை. இருநூறையும் எண்ணி வாங்கிக்கொண்டு சிலர் அப்போதும் ஐந்து ரூபாயை நீட்டினார்கள். பழக்கிவிட்டிருந்தேன்.

அது முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வாசலில் எவன் சுமை இறக்கினாலும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. உன் அம்மா, "பென்ஷன் எல்லாம் வாசலோட போவுது" என்று திட்டுகிறாள். ஆகவே நீ என்னைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். உன்னால் முடிந்தபோது கொடு. முடியாதபோது, "இன்னிக்கு இல்லப்பா, அடுத்த தடவை பார்க்கிறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இல்லை என்று சொல்வதில் அசிங்கம் ஒன்றும் இல்லை, சிலிண்டர்க்காரரிடமும் சரி, நைனாவிடமும் சரி.

மற்ற செய்தி ஒன்றுமில்லை. அம்மா கிருத்திகைக்கு ரத்தினகிரி போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். உன் பேருக்கு மட்டும் இரண்டு தடவை செய்யச் சொன்னாளாம், ஐயர் சிரித்தாராம். மூட்டு வலிக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறது. பெரியப்பா வீட்டுப் பிரச்சனை அப்படியே இருக்கிறது. போஸ்ட் ஆபீஸில் போட்டிருக்கும் எம்.ஐ.எஸ்., மாசா மாசம் வட்டி வருகிற டெபாசிட், தை மாசம் முடிகிறது. மறுபடி போடுங்கள் சார் என்று கவுண்டரில் பாரம் கொடுத்தார்கள். நான் இன்னும் பூர்த்தி செய்யவில்லை. எங்களுக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒரு சிலிண்டர் இரண்டரை மாசம் வரும். அப்படியென்றால் இந்த மாசக் கடைசியில் தீரும், அதே வாணியம்பாடிக்காரர்தான் வருவார். பேங்கில் பத்து ரூபாய் புதுக் கட்டு ஒன்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். கவரில் வைக்க மாட்டேன், சாதாரணத் தபாலில் பணம் அனுப்பக் கூடாது. கையிலேயே கொண்டுவருகிறேன். அம்மா முள்ளுக் கத்தரிக்காயும் பாப்பாவுக்கு ஆற்காடு மக்கன் பேடாவும் கட்டி வைக்கிறாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காட்பாடியில் பிருந்தாவன் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுவேன். மத்தியானம் நீ வீட்டில் இருப்பாய் அல்லவா?

அன்புடன்,
நைனா