சுமதிக்கு, நோட்டு வாங்கும் முன்

அன்புள்ள சுமதி,

பதில் தாமதம்தான், திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், ராஜி சொன்னாள். சந்தோஷம்.  

ஜப்பானுக்குப் போனதும் ககேபோ, அதாவது அந்த ஊர் வீட்டுக் கணக்கு நோட்டு, எழுதப் போவதாக ஆர்ப்பாட்டமாக எழுதியிருக்கிறாய். நாலு கேள்வி, நாலு தலைப்பு, தோல் அட்டை போட்ட நோட்டு! அவசியம், ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று நாலாகப் பிரித்தால் என்ன ஆகும் தெரியுமா? புதுச் செருப்பு அவசியமா ஆசையா என்று நீயும் உன் வீட்டுக்காரர் மூர்த்தியும் பட்டிமன்றம் நடத்துவீர்கள். செருப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜப்பானில் 1904லேயே வீட்டுக் கணக்கு நோட்டை அச்சுப் போட்டுக் கொண்டுவந்தவர் ஹானி மோட்டோகோ, அந்த நாட்டின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவர். அவர் தொடங்கிய பதிப்பகம் இன்றும் வருஷா வருஷம் புது நோட்டு போடுகிறது. அதில் பட்ஜெட் முதலில், செலவு பிறகு. சாப்பாட்டுச் செலவையே மூன்றாக உடைப்பார்: அரிசி, ரொட்டி மாதிரி முக்கிய உணவு; காய், பால், முட்டை, மீன் அடங்கிய துணை உணவு; எண்ணெய், உப்பு, சர்க்கரை, மசாலா. முதலாவதும் மூன்றாவதும் மாசத்துக்கு மாசம் பெரிசாக மாறாது. நடுவில் இருப்பதுதான் ஆட்டம் காட்டும். அதைத்தான் தினமும் பார்க்க வேண்டும்.

உன் கணக்கையே போடுவோம். கைக்கு வருவது 3 லட்சம் யென் என்று வை. சம்பளம் 25ஆம் தேதி என்றால் உன் மாசமும் 25ல் தொடங்கட்டும். வாடகை 95,000, சேமிப்பு 40,000, கரண்ட்-கேஸ்-தண்ணீர் 22,000, போன் 12,000, விசேஷச் செலவு 25,000. மீதி 1,06,000. அதில் முக்கிய உணவு 12,000, மசாலா எண்ணெய் 6,000, துணை உணவு 39,000. துணி, மருந்து, ரயில், பிள்ளைக்கு என்று மற்றதெல்லாம் பாக்கி 49,000க்குள்.

39,000ஐ 30 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 1,300. நோட்டின் ஓரத்தில் 1,300, 2,600, 3,900 என்று மாசம் முழுக்க முன்கூட்டியே எழுதிவிடு. பக்கத்தில் அன்றுவரை ஆன செலவு. மூன்றாம் நாள் 4,650 ஆகியிருந்தால் 750 யென் முந்திவிட்டாய். நாலாம் நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும் முட்டைக்கோஸ்தான் பொரியல். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்து அழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தியக் கடையில் 5 கிலோ துவரம்பருப்பு வாங்குகிற அன்று இந்தக் கணக்கு உதைக்கும். அதனால் மூட்டையாக வாங்குவதை மசாலாத் தலைப்பில் சேர்த்து, அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டு துணை உணவில் குறைத்துவிடு. ரசீது பிரிக்கச் சோம்பலா? ஜப்பான் ரசீதே பாதி வேலையைச் செய்துவிடும்: 8 சதவீத வரி உள்ளவை உணவு, பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஏதாவது குறி இருக்கும், சோப்பு, டிஷ்யூ, மூர்த்தியின் பீர் எல்லாம் 10 சதவீதம்.

கார்டில் வாங்கினால் வாங்கிய தேதியில் எழுது. பேங்கில் பிடிக்கிற தேதியில் எழுதினால் ஒரு மாசம் பணக்காரி, அடுத்த மாசம் பிச்சைக்காரி. கையிருப்பு 300 யென் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு வரை தேடாதே. "தெரியாத செலவு" என்று ஒரு வரி போட்டு மூடு. ஒரு யென்னுக்காக மல்லுக்கட்டுகிறவர்கள்தான் மூன்றாம் வாரத்தில் நோட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். நோட்டும் நூறு யென் கடையில் 110 யென்னுக்குக் கிடைப்பதே போதும். தோல் அட்டையை மறந்துவிடு.

விசேஷச் செலவு 25,000 எதற்கு என்று மூர்த்தி கேட்பார். வருஷத்துக்கு ஊர் டிக்கெட் 1,80,000. டோக்கியோப் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு மாச வாடகை கேட்பது வழக்கம், அதில் பாதி 47,500. ஆபீஸில் யாருக்காவது கல்யாணம் என்றால் மொய் 30,000. வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டால் என்று 42,500. ஆக 3 லட்சம், பன்னிரண்டால் வகுத்துக்கொள். இந்தப் பக்கம் இல்லாத நோட்டு டிசம்பரில் படுத்துவிடும்.

இனி விளையாட்டு இல்லை. நீங்கள் போன வருஷம் ஏப்ரலில்தானே ஜப்பானுக்குப் போனீர்கள்? குடியிருப்பு வரி என்பது வீட்டு வரி இல்லை, வசிக்கும் ஊருக்குக் கட்டுவது; முந்தைய வருஷ வருமானத்தின் மேல் போடுவது. அதனால் இதுவரை சம்பளத்தில் அது பிடித்திருக்க மாட்டார்கள். வரும் ஜூன் முதல் பிடிப்பார்கள், வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம். முதல் தடவை ஒன்பது மாச வருமானத்துக்குத்தான்; அடுத்த ஜூனில் முழு வருஷத்துக்கும். அந்த 3 லட்சம் அப்படியே இருக்காது, சுமதி. சேமிப்பைத் தொடாமல் எந்தத் தலைப்பைக் குறைக்கலாம் என்று இப்போதே இரண்டாவது பட்ஜெட் ஒன்று எழுதி வை. மூர்த்தியின் சம்பள ரசீதில் என்னென்ன பிடித்தம் இருக்கிறது என்று அப்படியே எனக்கு எழுதி அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

பிள்ளைக்கு முத்தம்.

உன்,
வசந்தி